பினாங்குக் கிளி

கிளி தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தது. பழி மலர்கொடி மேல் விழுந்தது.

"நேரத்துக்குத் தீனி வெச்சாத்தானே? புருசன் அனுப்புன பொருளாச்சேன்னு ஒரு அக்கறை வேணாம்?" என்றாள் மாமியார் செங்கமலம்.

மலர்கொடி கூண்டைக் கூட்டினாள்.

மூன்று மாதத்துக்கு முன், பினாங்கில் கூட வேலை பார்க்கும் ராசாங்கம் லீவில் பூலாம்பாடிக்கு வந்தபோது, அவனிடம் அவள் புருசன் செல்லதுரை இரண்டு பொருள் கொடுத்தனுப்பியிருந்தான். ஒன்று, தான் வளர்த்த இந்தக் கிளி. தும்பைப்பூ வெள்ளை, தலையில் மஞ்சள் கொண்டை, காக்கட்டூ என்று பேராம். இன்னொன்று, பெண்டாட்டியும் பிள்ளையும் அவனோடு வந்து இருக்க பர்மிட்.

செங்கமலம் கிளியை வாசலில் மாட்டினாள். பர்மிட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம். ஊரான் கூட வயசுப் பொண்ணைக் கப்பலேத்தி வுட்டா ஊரு காறித் துப்பாது?"

போன வருசம் செல்லதுரை கடிதம் எழுதியபோதும் அடுத்த வருசம் என்றுதான் சொன்னாள். பர்மிட்டுக்கு ஆவணியோடு கெடு. ராசாங்கம் நாகப்பட்டினத்தில் கப்பலேறுவதும் ஆவணியில்தான்.

செல்லதுரை போகும்போது வயிற்றில் இருந்த கண்ணகிக்கு மூன்று வயது. அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் போட்டோவைக் காட்டுவாள். இப்போது கிளியைக் காட்டினாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. விடிந்ததும் கிளி கொண்டையை விரித்து, அச்சு அசல் செல்லதுரை குரலில், "மலரு, சாப்டியா?" என்று கேட்கும். மலர்கொடி அடுப்படியிலிருந்தே, "ஆச்சுங்க" என்பாள்.

"பெத்தவ பேரைச் சொல்லிக் குடுத்தானா பாரு," என்பாள் செங்கமலம்.

மற்றபடி அதோடு குடித்தனம் லேசில்லை. இரண்டு மரக்கூண்டைக் கடித்துத் துப்பியது. கதவு நிலையில் பாதியைத் தின்றது. அது கத்தின கத்தலில் எதிர்வீட்டு வீரம்மாளின் மாடு பால் செம்பை உதைத்துவிட, பஞ்சாயத்து வரை போனது.

அப்படிப்பட்ட கிளி கத்துவதையும் நிறுத்தி, இறகைப் பிடுங்க ஆரம்பித்ததும் செங்கமலத்துக்குத் தாங்கவில்லை. கூண்டைத் துணியால் மூடி, மருமகளையும் இழுத்துக்கொண்டு பெரம்பலூருக்கு பஸ் ஏறினாள்.

மாட்டு டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"தீனியில குத்தமில்லம்மா. இதை வளர்த்தது யாரு?"

"எம் மவன். பினாங்குல இருக்கான்."

"அவரைத் தேடுது. இந்தச் சாதிப் பறவை ஒரு ஆளோட ஒட்டிக்கிட்டா பிரிஞ்சு இருக்காது. அவர்கிட்டயே கொண்டு போய்ச் சேருங்க. இல்லேன்னா ஏங்கியே செத்துரும்."

திரும்பி வரும் வழியெல்லாம் செங்கமலம் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள். பிரித்து வைக்கிறது எவ்வளவு பெரிய பாவம் என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாள்.

மலர்கொடி மாமியாரையே பார்த்துக்கொண்டு வந்தாள். இத்தனை இரக்கம் இருக்கிறவள். வீட்டுக்கு வந்ததும் கண்ணகியின் நாலு கவுனையும் துவைத்துக் காயப்போட்டு, மடித்து வைத்தாள்.

ராசாங்கம் புறப்படும் நாள். செங்கமலம் காலையிலேயே குளித்து, திருநீறு பூசி, பெட்டியைத் திறந்தாள். மலர்கொடி கண்ணகியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் போய் நின்றாள்.

செங்கமலம் உள்ளே கைவிட்டு ஒரு கம்பளிச் சால்வையை எடுத்தாள். பெட்டியைப் பூட்டினாள்.

"கடக்காத்து கிளிக்கு ஆவாது. கூண்டைச் சுத்திக் கட்டு."

பஸ் வந்ததும் ராசாங்கம் ஏறி, கூண்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். மலர்கொடியை ஒருமுறை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"உன்னை நம்பித்தாம்ப்பா அனுப்புறேன்," என்றாள் செங்கமலம். "பத்திரமா அவன் கையில சேத்துடு."

பஸ் கிளம்பியது. சால்வைக்குள்ளிருந்து கிளி கேட்டது: "மலரு, சாப்டியா?"

"ஆச்சுங்க," என்றாள் மலர்கொடி, தனக்கு மட்டும் கேட்கும்படி.

செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போவட்டும் மலரு. வாயில்லாச் சீவன். ஒத்தையில ஏங்க வுட்டோம்னா, அந்தப் பாவம் நம்மளச் சும்மா வுடாது."