ஒரு தோள்

பெண் ரவுடிகளைப் பற்றிய ஜப்பானியப் படம், சூதாட்டக் காட்சி. பகடை உருட்டுபவளாக நடிக்கும் கஸுயேயிடம், கிமோனோவை இரண்டு தோளிலிருந்தும் இறக்கச் சொன்னார் இயக்குநர் ஹிராட்சுகா.

"ஒரு தோள்தான் சார். கிமோனோ கைக்குள்ள பகடையை ஒளிக்கலைன்னு காட்டத்தான் சூதாட்டத்துல தோளைத் திறப்பாங்க."

"பாடம் எடுக்காதம்மா. இந்த வேஷத்துக்கு வாசல்ல நாலு பேர் நிக்கிறாளுங்க."

விளக்குக்காரர்கள் சிரித்தார்கள்.

அவள் வலத்தோளை மட்டும் திறந்தாள். இரண்டு பகடைகளையும் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கிப் பாயில் கவிழ்த்தாள்.

"ரெண்டும் சேர்ந்து ஒத்தை விழுந்திருந்தா எழுந்து போயிடறேன், அவளுங்கள்ல ஒருத்தியைக் கூப்பிடுங்க. ரெட்டைன்னா கடைசி வரைக்கும் ஒரு தோள்தான். சம்மதமா?"

சிரிப்பு நின்றது. ஒளிப்பதிவாளர் யாரையும் கேட்காமல் கேமராவை ஓடவிட்டார். ஹிராட்சுகா நாற்காலியை விட்டு எழுந்து வந்து பாயில் கால் வைத்தார்.

"ஷூவைக் கழட்டிட்டு வாங்க சார்," என்றாள் அவள், கிண்ணத்திலிருந்து கையை எடுக்காமல்.