நான்காவது கை

மூன்று கைகள் சட்டென்று உயர்ந்துவிட்டன.

மூன்றும் முதலீட்டாளர்களின் கைகள். ஐந்து பேர் கொண்ட இயக்குநர் குழுவில், அவளை நிர்வாக இயக்குநர் நாற்காலியிலிருந்து இறக்க அதுவே போதும்.

ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது தம்பியின் கையை.

அது மேசைமேல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தது.

வாடகைக் கொட்டகையில் அக்காவும் தம்பியுமாக ஆரம்பித்த கம்பெனி. லிஃப்டுகளுக்கு பிரேக் செய்கிறார்கள். பெரிய தொழிற்சாலைக்கு ஆசைப்பட்டுப் பாதிக்கு மேல் பங்குகளை விற்றார்கள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டும் என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

புது பிரேக் சோதனையில் தோற்றது. காலிப் பெட்டியைப் பிடித்து நிறுத்தியது. ஆள் கனம் ஏற்றினால் வழுக்கியது. நிர்வாக இயக்குநர் கையெழுத்தில்லாமல் சரக்கு வாசல் தாண்டாது. அவள் போட மறுத்தாள்.

அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

"நீங்க என்ன சொல்றீங்க, தம்பி?" கை தூக்கிய மூவரில் ஒருவரான தலைவரின் குரலில் தேன் சொட்டியது. அவர்கள் பக்கம் வந்தால் அக்காவின் நாற்காலி அவனுக்குத்தான். வராவிட்டால் அவர்களுடைய ஆள் ஒருவனுக்கு. எல்லோருக்கும் தெரிந்த பேரம்.

தம்பிக்கு அழுகை முட்டினால் முதலில் காது சிவக்கும். சிவந்திருந்தது.

அவள் அவன்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கை எழுந்தது. அவளுக்கு எதிராக.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த செயலர், அவள் முகத்தைப் பார்க்கக் கூசித் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். கூடப்பிறந்தவனே குழி பறித்துவிட்டான் என்று வராந்தாவில் யாரோ கிசுகிசுத்தது காதில் விழுந்தது.

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் மூச்சு விட்டாள். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு போனது.

போன் அடித்தது. தம்பி.

"அக்கா... கை எழும்பவே மாட்டேன்னுச்சுக்கா."

"எங்க எனக்காக நின்னு காரியத்தைக் கெடுத்துடுவியோன்னு உயிரே போயிடுச்சுடா. கையெழுத்துக்கு எப்ப வருவாங்க?"

"நாளைக்குக் காலையில. போடமாட்டேன்னு நானும் சொல்லிடுறேன்."

அவள் இருக்கையில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள். ஒருத்தி மறுத்தால் பிடிவாதம் என்பார்கள். அவர்களே உட்காரவைத்தவனும் மறுத்தால், ஏன் என்று ஊரே கேட்கும். அவனையும் தூக்குவதென்றால் மறுபடி நோட்டீஸ், மறுபடி கூட்டம். அதுவரை ஒரு பிரேக்கும் வெளியே போகாது.

"அம்மாகிட்ட என்னக்கா சொல்றது? விஷயம் தெரிஞ்சா என்னை வீட்டுப் படியேற விடமாட்டாங்க."

"காலைல வரைக்கும் மூச்சு விடாத. அவங்க வாயில ரகசியம் தங்காது. இன்னைக்கு மட்டும் நல்லா வாங்கிக்கட்டிக்கோ."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.