அத்தை பேசாத பேச்சு

“வாயைத் திற! ஆ சொல்லு! இன்னும் பெருசா! மாத்திரையை நாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சுக்கிட்டு யாரை ஏமாத்தப் பாக்கறே?”

அத்தையின் குரல்தான்.

ஆனால் அத்தை வாயை இறுக மூடிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். குரல், மேசைமேல் கிடந்த போனிலிருந்து வந்துகொண்டிருந்தது.

“தலகாணி உறையை மாத்தி எத்தனை நாளாச்சு? இது வீடா, வார்டா? வார்டா இருந்தா இன்னும் சுத்தமா இருந்திருக்கும்!”

ஆடியோ முடிந்தது. கூடத்தில் மின்விசிறி மட்டும் தைரியமாகச் சத்தம் போட்டது.

அத்தை பெரிய மருத்துவமனை ஒன்றில் தலைமை நர்ஸ். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே நோயாளிகளுக்கு வேர்த்துக்கொட்டிக் காய்ச்சல் இறங்கிவிடும் என்பார்கள். அப்பாவுக்குக் கூடப்பிறந்த அக்கா. அப்பா இன்றுவரை அவர் எதிரில் கால்மேல் கால் போட்டதில்லை. ஏதோ மனஸ்தாபத்தில் இரண்டு வருஷம் முகம் கொடுக்காமல் இருந்தவர், போன மாதம்தான் மறுபடி இந்த வீட்டுப் படி ஏறியிருந்தார்.

“நான்தான் அத்தை பேசினேன்” என்றாள் அந்த வீட்டு மகள். பதினேழு வயது. “சும்மா சிரிக்கறதுக்காக ஒருத்தனுக்கு அனுப்பிட்டேன்.”

பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கென்று ஆன்லைனில் ஒரு குழு. அதில் ‘மேதை’ என்ற பெயரில் ஒருவன். முகம் பார்த்ததில்லை, ஊர் தெரியாது. எப்பேர்ப்பட்ட கணக்கையும் போட்டுக் கொடுப்பான். கணக்கு முடிந்ததும் கொஞ்சம் அரட்டை. வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் நடந்த கூத்தை ஒருநாள் அவளே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவனுக்கு அனுப்பினாள். அதில் எல்லாருடைய எண்ணும் இருந்தது. இன்னொரு நாள் இந்த ஆடியோவையும் அனுப்பினாள்.

நேற்று மேதை வேறு பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டான். அவளுடைய கல்லூரி விண்ணப்பத்தின் பாஸ்வேர்டு வேண்டுமாம். இன்று மாலைக்குள் வராவிட்டால் ஆடியோ குடும்பம் மொத்தத்துக்கும் போகும். முதலில் அத்தைக்கு.

பாஸ்வேர்டைக் கொடுத்தால் கல்லூரி போகும். கொடுக்காவிட்டால் வீடு ரெண்டாகும். காலையிலிருந்து பாஸ்வேர்டைப் பாதி அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தவள், அத்தை வந்து உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஆடியோவைத் தானே போட்டுக் காட்டிவிட்டாள்.

அப்பா விட்டத்தைப் பார்த்தார். அம்மா சமையலறை வாசலில், கரண்டியும் கையுமாக, சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

“நான் இப்படியா பேசறேன்?” என்றார் அத்தை.

அதே சுருதி. அதே இழுப்பு.

அப்பாவுக்குப் புரையேறியது. எதுவும் சாப்பிடாமலே ஏறியது.

அத்தை அவரைத் திரும்பிப் பார்த்ததில் புரை தானாக இறங்கியது.

“அவன் அனுப்பினதை எதையும் அழிச்சிடலையே? அழிக்காதே. போலீஸுக்குக் காட்டணும். டேய், எல்லாத்தையும் போட்டோ எடு.”

அப்பா எடுத்தார். முதல் படத்தில் அவருடைய மூக்குதான் விழுந்தது. அடுத்ததிலிருந்து சரியாக வந்தது.

“இப்ப பாஸ்வேர்டை மாத்து” என்று சொல்லிவிட்டு அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நோயாளி உடை மாற்றும்போது திரும்பிக்கொள்கிற பழக்கம்.

மாற்றியானதும் போனை வாங்கி, தெர்மாமீட்டரை உதறுவதுபோல ஒரு உதறு உதறினார். எதை அழுத்திப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அழுத்தினார்.

“தம்பி, அத்தை பேசறேன். நீ அனுப்பறேன்னு சொன்னதை நான் கேட்டாச்சு. குடும்ப குரூப்ல நானே போட்டுடறேன், உனக்கு எதுக்கு வீண் சிரமம்? இனிமே எந்தப் பிள்ளையையாவது இப்படி மிரட்டினேன்னு வெச்சுக்கோ, எந்த மூலையில இருந்தாலும் ஊசியோட வந்து நிப்பேன். பெரிய ஊசி.”

அந்தப் பக்கம் கேட்டுவிட்டதற்கு அடையாளம் விழுந்தது. என்னவோ எழுதுவது தெரிந்தது. நின்றது. மறுபடி எழுதுவது தெரிந்தது. அப்புறம் மேதையின் கணக்கே காணாமல் போயிற்று.

“போயிட்டானா?” அத்தைக்கு ஏமாற்றமாகிவிட்டது. “நான் இன்னும் முடிக்கவே இல்லையே!”

அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். “எப்படி அடிச்சுக்குது பாரு. இதை நேத்தே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?”

அப்பா அவசரமாக வண்டிச் சாவியைத் தேடினார்.

போலீஸ் நிலையம் போக அப்பா வண்டியை எடுக்கக் கீழே இறங்கினார். அவள் வாசலில் காத்து நின்றாள். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டே உள்ளே திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

“அந்த ஆடியோவுல பின்னாடி பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுச்சு. இவ எந்தக் காலத்துல பாத்திரம் தேய்ச்சா?”

அம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

“நல்லாத்தான் பேசியிருக்கே” என்றார் அத்தை. “ஆனா நான் இன்னும் கொஞ்சம் மூக்கால பேசுவேன்.”

“சரிங்க அண்ணி” என்றாள் அம்மா.

மூக்கால்.