ஜோடி வார்த்தைகள்

“‘ஸிக்’னா என்ன, ‘ஸாக்’னா என்னன்னு தனித்தனியாக் கேக்காதீங்க. நம்ம ‘சலசல’ மாதிரிதான். ஒத்தைச் ‘சல’வுக்கு அர்த்தம் உண்டா? ஜோடியா வந்தாத்தான் வார்த்தை,” என்றாள் டீச்சர்.

ஓட்டல் சலவைக்கூடத்தை ஒட்டிய சின்ன அறையில், ஆங்கில வகுப்புக்காகச் சீருடையோடு உட்கார்ந்திருந்த பன்னிரண்டு ஊழியர்களும் சிரித்தார்கள். கடைசி பெஞ்சு இஸ்திரிக்காரர் மட்டும் சத்தமில்லாமல் சிரித்தார்.

நீராவி இரைச்சலில் நாளெல்லாம் தனியாக வேலை செய்பவர். மற்றவர்கள் வைத்த பெயர் மௌனச்சாமி. ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் அவர்தான் முதல். பேசச் சொன்னால் எழுந்து நிற்பார், தலையை ஆட்டுவார், உட்கார்ந்துவிடுவார். மூன்று மாதமாக இதே கதை.

மேனேஜர் காலையில் கறாராகச் சொல்லிவிட்டார். “வாயே திறக்காத ஆளை எப்படிம்மா ரூம் சர்வீஸுக்கு அனுப்புறது? இன்னைக்கும் பேசலைன்னா பட்டியல்ல பேரை அடிச்சிடுங்க.”

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. பலகையில் எழுதியதை எல்லாம் அழித்தாள்.

“இப்ப நான் தமிழ்ல சொல்வேன், நீங்க ஜோடியைச் சொல்லணும். வளைஞ்சு வளைஞ்சு போற பாதை?”

“ஸிக்-ஸாக்.”

குரல் கடைசி பெஞ்சிலிருந்து வந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின.

டீச்சர் ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. “வெட்டி அரட்டை?”

“சிட்-சாட்.”

“ஏதோ சுமார்?”

“ஸோ-ஸோ.”

“சரி, அப்படியே ஆகட்டும்?”

“ஓக்கி-டோக்கி.”

ரூம் கூட்டும் அக்கா பெஞ்சைத் தட்டினாள். வாட்ச்மேன் விசிலடித்தார். இஸ்திரிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். டிப்-டாப், டிங்-டாங், சூப்பர்-டூப்பர் என்று கேட்காததையும் அடுக்கிக்கொண்டே போனார். முகமெல்லாம் பல்.

வகுப்பு கலைந்ததும், பட்டியலில் அவர் பெயருக்கு நேரே பெரிதாக ஒரு டிக் போட்டுவிட்டு, டீச்சர் அவரை வாசலில் பிடித்துக்கொண்டாள்.

“இவ்வளவு கணீர்னு பேசுறீங்க. அப்புறம் எதுக்குண்ணே மூணு மாசமா என்னைத் தவிக்க விட்டீங்க?”

அவர் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்துச் சொன்னார்.

“எ-எனக்கு எல்லா வா-வார்த்தையும் ரெ-ரெண்டு ரெண்டாத்தான் வரும், டீ-டீச்சர். இ-இன்னைக்குத்தான் அது ச-சரின்னு சொன்னீங்க.”