வலித்தால் இடது கை

உதட்டோரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டிக்கொண்டு, வாயை முழுசாகத் திறந்து படுத்திருந்தவளிடம், அனிமே பார்ப்பீர்களா என்று கேட்டார் பல் டாக்டர்.

"ஆ" என்றாள் அவள்.

அந்த நிலையில் ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அதுதான் வரும். டாக்டர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்லியிருந்தார். ஊசி போட்டுப் பாதி முகம் மரத்துப் போயிருந்தது. சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும், இனிமேல் வலிக்க வழியே இல்லை என்றும் சொல்லியிருந்தார்.

நாளைக்கு அவளுக்குப் பேச்சு வேலை. சாதாரணப் பேச்சு இல்லை. பதினான்கு வயது வாள்வீரன் ஒருவன் பல வருடங்களாக அவள் தொண்டையில்தான் குடியிருக்கிறான். அவனுக்கு அவள் தமிழில் குரல் கொடுக்கும் ஜப்பானிய அனிமே கார்ட்டூனின் கடைசி எபிசோடு நாளை ரெக்கார்டிங். கடைசிக் காட்சியில் பையன் அழுவான். அதைச் சொதப்பிவிட்டால் ஜென்மத்துக்கும் தூக்கம் வராது.

இந்த நேரம் பார்த்துத்தான் கடைவாய்ப் பல் தன் வேலையைக் காட்டியது.

தொழிலை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரையும் போல அவரும் அந்தக் குரலில் ஒரு தடவை பேசச் சொல்வார். லிஃப்டில், கல்யாண வீட்டில், ஒருமுறை வங்கி வரிசையில்கூடப் பேசிக் காட்டி அலுத்துப் போயிருந்தாள். கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் பையனாக இருப்பது? அதனால் ஃபோனில், நாளைக்கு முக்கியமான மீட்டிங், நிறையப் பேச வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் இன்றைக்கே வந்துவிடுங்கள் என்றார். எவ்வளவு தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

தங்கமான மனுஷன் டிரில்லை எடுத்தார். கூடவே விமர்சனத்தையும் எடுத்தார்.

முதலில் சினிமா. கதாநாயகன் நடந்து வருவதையே பாதிப் படத்துக்குக் காட்டினால் அவருக்கு ஆகாதாம். அடுத்து இசை. சோகக் காட்சி வரப்போகிறது என்று புல்லாங்குழலை வைத்தே டமாரம் அடிக்கிறார்களாம். அனிமேவை மூல மொழியில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை பார்த்து, எது எங்கே தேறுகிறது என்று ஒப்பிட்டால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்குமாம். குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் இதையெல்லாம் தினமும் கேட்பவள்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

படுத்திருந்தவளுக்கு எல்லாமே உடன்பாடுதான். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. டிவியில் படம் ஓடினால், அடுத்தவர் டப்பிங்கைக் கிழித்துத் தொங்கவிட்ட பிறகுதான் சாப்பாட்டில் கை வைப்பாள். அதற்குப் பயந்தே அவள் கணவர் சத்தத்தை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பார்.

விஷயம் தெரிந்த ஆள்தான் என்று அவள் மெச்சிக்கொண்டிருந்தபோது, டாக்டர் அவளுடைய பையனிடம் வந்து சேர்ந்தார்.

வாள் சண்டையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாதாம். அவன் கோபப்பட்டால் நமக்கே சிலிர்க்குமாம். அழ ஆரம்பித்தால் மட்டும் எல்லாம் போச்சாம். ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி மூக்கை மூக்கை உறிஞ்சுகிறானாம்.

அவளுடைய இடது கை விருட்டென்று மேலே போனது.

வலிக்குதா மேடம் என்று கேட்ட டாக்டர், பதிலுக்குக் காத்திராமல் அவள் கன்னத்துக்குள் ஒரு பஞ்சுருளையைச் செருகினார்.

பதில் அவளிடம் தயாராக இருந்தது. திரையில் வாய் அசைந்துகொண்டே இருக்கும், வசனம் எழுதுகிறவர் ஒற்றை வார்த்தையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், மிச்ச அசைவை மூக்கை உறிஞ்சித்தான் நிரப்ப வேண்டும், உட்கார்ந்த இடத்தில் பேசுவதற்கு என்ன, மைக் முன்னால் வந்து நின்று பார்த்தால் தெரியும். அத்தனையும் சேர்ந்து "ங்ஙா" என்று வெளியே வந்தது. கை மறுபடியும் எழுந்தது.

இன்னொரு பஞ்சு.

டாக்டர் விடுவதாக இல்லை. முதல் சீசனில் அவனுடைய நாய் செத்தபோது அப்படி அழவில்லையே என்றார். அன்றைக்குச் சத்தமே இல்லாமல் அழுதான். பார்த்துக்கொண்டிருந்த தானும் அழுதுவிட்டதாகவும், அதை மனைவி இன்றுவரை சொல்லிக் காட்டுவதாகவும் சொன்னார். அதற்கப்புறம் அந்தக் குரலுக்கு அழுகை பழகிவிட்டதாம். டப்பாவைத் திறந்து எடுத்துப் போடுவதுபோல ஒரே அழுகையை எடுத்து எடுத்துப் போடுகிறார்களாம்.

இந்த முறை கை எழவில்லை.

நாய் செத்த காட்சி அவளுக்கும் நினைவிருந்தது. பயந்து பயந்து மைக் முன்னால் நின்ற காலம். எப்படி அழுவது என்று தெரியாமல் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான் செய்தாள். அப்புறம் எப்படி அழுவது என்று தெரிந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

கண்ணில் நீர் முட்டியது. கோபத்தில்தான் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். கோபமில்லை. இந்த ஆள் சொல்வது உண்மை, அதுதான் தாங்கவில்லை.

மூக்கை உறிஞ்சலாம் என்றால் தலை ஆடும். தலை ஆடினால் டிரில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். ஒரே ஒரு சொட்டு கடைக்கண்ணிலிருந்து கிளம்பி, நிதானமாகக் காதுக்குள் இறங்கியது.

டிரில் நின்றது.

டாக்டர் விளக்கைத் தள்ளிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சிரித்தன.

"இதேதான் அக்கா. ஃபோன்லயே உங்க குரலைக் கண்டுபிடிச்சுட்டேன். நாளைக்கு அவனையும் இப்படியே அழ விட்டுடுங்க."

இடது கை எழுந்தது.

டாக்டர் இன்னொரு பஞ்சை எடுத்தார்.