ஊதா அந்தி

தூரத்து எரிமலை வெடித்ததிலிருந்து அந்தி வானம் ஊதாவாகவே எரிகிறது. தெருவே செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கிறது. வானிலை நிலையத்து மாடியில், பலூனில் கட்டிவிட்ட கருவி அனுப்பும் எண்களையே அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கந்தகப் புகை படர்ந்திருக்கும் உயரத்தில் ஓசோன் அளவைக் காட்டும் கோடு திரையில் மளமளவென்று சரிகிறது. தக்காளித் தோட்டத்திலிருந்து நேராக வந்த கணவன், மகளைத் தோளில் சுமந்துகொண்டு படியேறுகிறான். "இந்தக் குளிர்ல ஒரு பூகூட நிக்கல. வெயிலுக்கு என்ன கேடு?" "மேல புகை மறைக்குது. இந்த வருஷம் இப்படித்தான்." "போகட்டும், புகை விலகினா நல்லா காயும்ல?" அவள் திரையை அவன் பக்கம் திருப்புகிறாள். "காயும். ஆனா வெயிலோட கெட்ட கதிரைத் தடுக்கற ஓசோன் கரைஞ்சுட்டிருக்கு. அந்த வெயில்தான் உடம்புக்கு ஆகாது." மகள் வானத்தைப் பார்த்துக் கைதட்டுகிறாள். சூரியன் எப்போதோ இறங்கிவிட்டது. ஆனாலும் அவள் குழந்தையின் முகத்தை உள்ளங்கையால் மறைக்கிறாள்.