லீவு அறை

குவைத்தில் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு வீட்டுக்குப் போய்விட்ட பிறகு, ஷெரினை விடுதிப் பள்ளியில் சேர்க்கும் வேலை ஊரிலிருந்த பெரியப்பா தேவசகாயத்தின் தலையில் விழுந்தது. அவர் தேர்ச்சி விகிதம் கேட்டார், சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார். அவள் எல்லாப் பள்ளியிலும் ஒன்றையே கேட்டாள்: “லீவுக்கு வீட்டுக்குப் போகாத பிள்ளைங்க எங்க இருப்பாங்க?” நீச்சல்குளம் இருந்த பள்ளியில், “அப்படி யாரும் இங்க இல்லம்மா” என்றார்கள் பெருமையாக. அடுத்த பள்ளியில், “எங்களுக்கும் லீவு வேண்டாமா?” என்று சிரித்தார்கள். சுவரெல்லாம் பாசி பிடித்த மூன்றாவது பள்ளியில் வார்டன் சாவிக்கொத்தோடு அவர்களை மாடிக்கு அழைத்துப் போனார். கடைசி அறையில் நான்கு கட்டில்கள். மூன்றில் போர்வை மடித்து வைத்திருந்தது. நான்காவதில் ஷெரின் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள்.

“இதுவே போதும் பெரியப்பா.”

“லீவுக்கு நம்ம வீடு இருக்கே, பிள்ளே.”

“பெரியம்மாகிட்ட கேட்டீங்களா?”

தேவசகாயம் ஜன்னல் கொக்கியை மாட்டினார், எடுத்தார், மறுபடியும் மாட்டினார். “காத்து நல்லா வருது” என்றார். வார்டன் கொத்திலிருந்து அந்த அறைச் சாவியை மட்டும் கழற்றத் தொடங்கினார். வளையம் இறுக்கமாக இருந்தது.